வீட்டில் துத்தநாக முலாம்: மீதித் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கியில், எழுத்தராக. வேதியியலுக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்தோடு உறவு முடிந்தது. ஆனாலும் எட்டு மாதமாக வீட்டுப் பால்கனியில் ஜிங்க் பிளேட்டிங் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மீட்டர் அறைக் கதவின் கீல் துருவேறிப் போன விஷயம் சென்ற கூட்டத்தில் வந்தபோது இதைச் சொன்னேன். அதற்குப் பிறகு நம் குடியிருப்பிலேயே மூன்று நான்கு வீட்டில் ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி. சந்தோஷம். ஆனால் எல்லாரும் என்னிடம் கேட்டது "எப்படிப் போடுவது?" என்று மட்டும்தான். போட்ட பிறகு மிஞ்சுகிற தண்ணீரை என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் இன்று பேச நேரம் கேட்டேன்.

முதலில் எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள்.

மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் அரை லிட்டர். மருந்துக்கடையில் எப்சம் உப்பு 50 கிராம். பெரியவர்களுக்குப் பேதி உப்பு என்றால் தெரியும். சர்க்கரை ஒரு கைப்பிடி. துத்தநாகத் தகடு ஒரு துண்டு. சாதாரணப் பழைய டார்ச் செல்லின் மேல்கூடே துத்தநாகம்தான், அதை வெட்டி எடுப்பவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் கருப்பு மாவு கையெல்லாம் ஒட்டும், நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 'ஆல்கலைன்' என்று எழுதிய செல்லையும், செல்போன் பேட்டரியையும் எக்காரணம் கொண்டும் உடைக்காதீர்கள். முன்னதில் தோலை அரிக்கும் காரம் இருக்கிறது, பின்னது தீப்பிடிக்கும்.

உப்பையும் சர்க்கரையும் வினிகரில் கரைத்து, தகட்டுத் துண்டுகளை ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். துத்தநாகம் கொஞ்சம் கரையும், குமிழி வரும். அது ஹைட்ரஜன். பாட்டிலை இறுக்கி மூடாதீர்கள், பக்கத்தில் அடுப்பும் ஊதுபத்தியும் வேண்டாம். மறுநாள் ஒன்றரை வோல்ட் பெரிய செல் ஒன்றின் பிளஸ் முனையைத் துத்தநாகத் தகட்டுக்கும், மைனஸ் முனையைக் கீலுக்கும் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் கீல் கரையும். வீட்டு கரண்டை இதன் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம். நிறைய கரண்ட் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவசரப்பட்டால் முலாம் கறுத்து, பஞ்சு மாதிரி வளர்ந்து, விரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும்.

உண்மையில் முக்கால்வாசி வேலை பிளேட்டிங்குக்கு முன்னால்தான். உப்புத்தாளால் துருவை முழுக்க எடுத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பால் எண்ணெய்ப் பசை போகக் கழுவ வேண்டும். தண்ணீரில் முக்கி எடுத்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாகப் பரவ வேண்டும். முத்து நின்றால் இன்னும் பசை இருக்கிறது, திரும்பத் தேயுங்கள். முலாம் போட்ட பிறகு கழுவி உடனே உலர்த்தி, பனியன் வேஸ்ட்டால் தேய்த்தால் வெள்ளி மாதிரி மின்னும். பனியன் வேஸ்ட்டுக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன.

எனக்கு இதில் ருசி வந்ததற்குக் காரணம் கணக்கு. மைக்கேல் ஃபாரடே 1830-களில் கண்டுபிடித்துச் சொன்னது, பேரேடு எழுதியவனுக்கு உடனே புரிகிற விஷயம். ஒரு ஆம்பியர் கரண்ட் ஒரு மணி நேரம் ஓடினால் 1.22 கிராம் துத்தநாகம் இடம் மாறும். தகட்டில் பற்று, கீலில் வரவு. ஒரு சிறிய கீலின் மேற்பரப்பு 20 சதுர சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் அரை மணி நேரம் ஓடினால் 0.06 கிராம். தடிமன் சுமார் 4 மைக்ரான். இது ஏட்டுக் கணக்கு, கையில் கிடைப்பது கொஞ்சம் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் கொஞ்சம் கரண்ட் குமிழியாகப் போய்விடுகிறது.

நாலு மைக்ரான் எதற்காகும்? அலமாரிக் கீல், தாழ்ப்பாள், ஸ்க்ரூ இவற்றுக்குப் போதும். துத்தநாகம் ஜாமீன்தாரர் மாதிரி. ஒரு இடத்தில் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் இருக்கிற துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். பெயின்ட்டுக்கு இந்தக் குணம் கிடையாது. ஆனால் மொட்டை மாடியில் வெயில் மழையில் நிற்கிற இரும்புக்கு நாலு மைக்ரான் ஜாமீன் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதற்கு உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஜி.ஐ. சாமான் வாங்குவதுதான் மரியாதை, அதில் முலாம் இதைப்போல் பல மடங்கு கனம். மீட்டர் அறைக் கதவுக்கும் நான் அதைத்தான் சொன்னேன்.

சமையல் பாத்திரத்துக்கு இந்த முலாம் கூடவே கூடாது. புளியும் தக்காளியும் பட்டால் கரைந்து வயிற்றைக் கலக்கும், வாந்தி எடுக்கும். ஊஞ்சலைத் தாங்கும் போல்ட்டையும் இதில் போடாதீர்கள். கெட்டியான எஃகுக்குள் பிளேட்டிங் சமயத்தில் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. பட்டறைகளில் அதற்காக முலாம் போட்டபின் சுமார் 200 டிகிரியில் மணிக்கணக்கில் சூடு காட்டுவார்கள். நம்மால் ஆகாது. துத்தநாகத்துக்குப் பதிலாக ஸ்டீல் ஸ்பூனைப் பிளஸ்ஸில் மாட்டிப் பார்க்கலாமே என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் தம்பி. எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது, அது கரைந்து வந்தால் புற்றுநோய் உண்டாக்கும் வகைக் குரோமியமாகவும் வரலாம்.

சரி, இப்போது மிச்சத் தண்ணீர்.

அந்த அரை லிட்டரில் ஐந்து கிராம் துத்தநாகம் கரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின்படி, கழிவுநீரை ஆறு ஏரியில் விடுவதானால் லிட்டருக்கு 5 மில்லிகிராம் துத்தநாகத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பொதுச் சாக்கடைக்கு 15 மில்லிகிராம். ஐந்து கிராம் என்பது 5,000 மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள். மொட்டை மாடியில் நிற்கிற ஆயிரம் லிட்டர் தொட்டி முழுவதையும் அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்த இந்த அரை லிட்டர் போதும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்றெல்லாம் பிரித்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். எலக்ட்ரோபிளேட்டிங் சிவப்பு. கழிவுநீர் வருகிற சாயப்பட்டறையும் அதே சிவப்பு.

"அண்ணே, ஒரு பாட்டில் தண்ணிக்கு இவ்வளவு பேச்சா?" என்று நினைப்பீர்கள். நியாயமான கேள்வி. நம் சுத்திகரிப்புத் தொட்டியில் ஒரு பாட்டிலை ஊற்றினால் அங்கே வேலை செய்கிற நுண்ணுயிர்கள் செத்துவிடாது, அப்படிப் பயமுறுத்தினால் அது பொய். ஆனால் துத்தநாகம் எங்கேயும் போகாது. அழுகாது, ஆவியாகாது. கொஞ்சம் சேற்றில் தங்கும், கொஞ்சம் செடிக்குப் பாய்ச்சுகிற தண்ணீரில் வரும். பத்து வீடு, மாதம் ஒரு பாட்டில் என்று வந்தால் கூட்டுவட்டிக் கணக்குத்தான்.

இதை மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளியங்கிரி மலையிலிருந்து வருகிற நொய்யலில் ஒவ்வொரு பட்டறையும் விட்டது "நம்ம ஒரு யூனிட் தண்ணி"தான். எழுநூறுக்கும் மேற்பட்ட யூனிட் சேர்ந்தது. 1992-இல் பாசனத்துக்கென்று வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கிற நிலை வந்தது. அங்கே பெரிய பிரச்சினை சாயத்தின் நிறம்கூட இல்லை, உப்பு. அதுவும் நம் துத்தநாகம் மாதிரிதான், தானாக மறையாது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது.

அப்போது நான் கவுண்டரில் இருந்தேன். வாரச் சம்பளம் வாங்கி சனிக்கிழமை தவறாமல் நூறு இருநூறு கட்ட வருகிறவர்கள், அந்த மாதங்களில் எடுக்க மட்டும் வந்தார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த கணக்குகள் குறைந்தபட்ச இருப்புக்கு இறங்குவதை ஒவ்வொரு பாஸ்புக்காகப் பதிந்தேன். மூடியது சரியா தப்பா என்று இந்த மேடையில் விவாதிக்க நான் வரவில்லை. அணைக்குக் கீழே இருந்தவர்களின் கணக்கு அதற்கும் முன்பே காலியாகிவிட்டது என்பதும் உண்மை.

பிறகு ஆலைகள் திறந்தது, ஒரு சொட்டு வெளியேற்றமும் இல்லை என்ற நிபந்தனையில். தண்ணீரைச் சவ்வு வழியாக வடிகட்டித் திரும்ப எடுக்கிறார்கள், மிஞ்சுகிற உப்புக் கரைசலையும் சாயம் போடவே திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அந்த வேலையை நம் அரை லிட்டருக்கும் செய்யலாம். செலவு பத்து ரூபாய்க்குள்.

முதல் விஷயம், அந்தக் கரைசல் சீக்கிரம் தீராது. கீலில் ஏறுகிற துத்தநாகத்துக்குச் சமமாகத் தகட்டிலிருந்து கரைந்து வந்துகொண்டே இருக்கும். கலங்கினால் துணியில் வடிகட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். கீலைக் கழுவுகிற தண்ணீரைக் குழாயடியில் விடாமல் ஒரு மக்கில் கழுவி, வினிகர் ஆவியாகிக் குறைகிற அளவுக்கு அதையே பாட்டிலில் ஊற்றுங்கள்.

இனி வேண்டவே வேண்டாம் என்றால் பழைய பிளாஸ்டிக் பக்கெட்டில் ஊற்றி, சலவை சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். புஸ்ஸென்று நுரைக்கும். நுரை அடங்கிய பிறகும் கொஞ்சம் சேர்த்தால் வெள்ளையாகத் திரிந்து ராத்திரிக்குள் அடியில் படியும். துத்தநாகம் ஏறக்குறைய எல்லாம் அந்த வெள்ளைச் சேற்றில் இருக்கிறது. மேலே தெளிந்த நீரைத் துணியில் வடிகட்டிச் சாக்கடையில் விடலாம். சேற்றை உலர்த்தி டப்பாவில் போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பெயர் எழுதி வையுங்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான்: அந்த வெள்ளைப் பொடியைப் புது வினிகரில் போட்டால் திரும்பக் கரைந்து அடுத்த கரைசல் தயார். பொடியே வேண்டாம் என்கிறவர்கள் பழைய செல்லோடு சேர்த்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். 2016-ஆம் வருடத் திடக்கழிவு விதிகளிலேயே பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா எல்லாம் வீட்டு அபாயக் கழிவு என்ற தனிப் பிரிவாக இருந்தது. காவலர் அறையில் அதற்கென்று ஒரு மூடி போட்ட டப்பா வைக்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு வீடு தனித்தனிப் பாட்டில் எதற்கு? என்னிடம் ஒரு லிட்டர் தயாராக இருக்கிறது, செல்லும் ஒயரும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் சங்க அறைக்கு வாருங்கள், எல்லார் வீட்டுச் சாமானையும் ஒரே பாட்டிலில் போடுவோம். ஏற்கெனவே கரைசல் செய்து வைத்திருக்கிறவர்கள் அதையும் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். துருவை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி எடுத்து வாருங்கள். துருவோடு வந்தால் உப்புத்தாளைக் கையில் கொடுத்துத் திண்ணையில் உட்கார வைத்துவிடுவேன்.