காற்பங்குதான் வாத்தியாருக்கு
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இடைநிலைப்பள்ளி மாணவர்களும் பழந்தமிழ் இலக்கியமும் என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நானோ தொடக்கப்பள்ளி வாத்தியார். பட்டம் பெற்றவன் அல்லன். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றே என் கைமுதல். ஆனாலும் நம் பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துக்கொண்டு போன பிள்ளைகளில் 12 பேர், இப்போது படிவம் நான்கிலும் ஐந்திலும் படிப்பவர்கள், சனிக்கிழமை மாலையில் என்னிடம் வருகிறார்கள். அவர்களோடு சிலப்பதிகாரம் படிக்கிறோம். அதை எப்படிப் படிக்கிறோம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். காரணம், உங்களில் சிலருக்கு அந்த வகுப்பைப் பற்றி மனத்தாங்கல் இருக்கிறது.

"என்ன வாத்தியாரே, நீங்க பாடமே நடத்துறதில்லையாமே? பிள்ளைங்களப் பேச விட்டுட்டு ஓரமா உட்கார்ந்துக்கிறீங்களாம்" என்று பெர்மாஸ் ஜெயா கடைத்தெருவில் ஒரு தகப்பனார் நேராகவே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. பிள்ளையை அனுப்புகிறவருக்குக் கேட்க உரிமை உண்டு.

அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். பவணந்தி முனிவர் நன்னூலை எழுதி ஏறக்குறைய 800 ஆண்டுகள் ஆகின்றன. அது இலக்கண நூல்தான். ஆனால் அதன் முகப்பிலே, பொதுப்பாயிரம் என்ற பகுதியில், கற்பிப்பவன் எப்படி இருக்க வேண்டும், கற்பவன் எப்படி இருக்க வேண்டும் என்று விரிவாகப் பேசுகிறார். அங்கே ஒரு கணக்குப் போடுகிறார், கேளுங்கள். ஆசிரியர் சொன்னதை ஒரு மாணவன் எவ்வளவு ஒழுங்காகக் காதில் வாங்கினாலும் அவனுக்குத் தேறுவது காற்பங்குதானாம். கூடப் படிக்கிறவர்களோடு கலந்து பழகிப் பேசுவதால் இன்னொரு காற்பங்கு. மிச்சம் அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வந்து சேருகிறதாம். கூட்டிப் பாருங்கள். வாத்தியாருக்குக் கால், மாணவருக்கு முக்கால்! இன்றைக்கு 21-ஆம் நூற்றாண்டுக் கற்றல், குழு முறை, உயர்நிலைச் சிந்தனை என்று புதுப்புதுப் பெயரில் பேசுகிறோம். 13-ஆம் நூற்றாண்டுச் சமண முனிவர் பெயர் எதுவும் வைக்காமல் பின்னக் கணக்கிலேயே முடித்துவிட்டார்.

என் காற்பங்கை நான் விட்டுவிடுவதில்லை. சிலப்பதிகாரம் மூன்று காண்டம், 30 காதை. முழுவதையும் எடுத்தால் நாங்கள் கரையேற மாட்டோம். கொலைக்களக் காதையின் பின்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். நான் உரக்க இரண்டு தரம் வாசிப்பேன். சீர் பிரித்துக் காட்டுவேன். தெரியாத சொல்லுக்குப் பொருள் சொல்வேன். பழைய செய்யுளைச் சந்தி பிரிக்காமல் பிள்ளைகள் கையில் கொடுத்து "கலந்து பேசுங்கள்" என்றால் எதைப் பேசுவார்கள்? வாரக் கடைசிப் பந்தாட்டத்தைத்தான் பேசுவார்கள். ஆகவே முதலில் சொல், பிறகுதான் பேச்சு.

அதன்பின் ஒரே ஒரு கேள்வி. கோவலன் சாவுக்குக் குற்றவாளி யார்? ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவரவர் தாளில் எழுத வேண்டும். வாயாடிப் பிள்ளைகள் முந்திக்கொண்டால் அமைதியான பெண்பிள்ளைகளின் கருத்து அப்படியே அமுங்கிப்போகும் என்பதற்காக இந்த ஏற்பாடு. பிறகு மூன்று மூன்று பேராக நான்கு குழு. சட்டம் ஒன்றே ஒன்று. எது சொன்னாலும் செய்யுளில் இடத்தைக் காட்ட வேண்டும். இந்தச் சட்டத்துக்குப் பிள்ளைகளே மலாயில் பெயர் வைத்துவிட்டார்கள், "புக்தி மானா?" என்று. சான்று எங்கே என்று அர்த்தம். யாராவது காற்றில் அளந்தால் மற்ற எல்லாரும் சேர்ந்து "புக்தி மானா?" என்று கத்துவார்கள். தமிழ் வகுப்பில் மலாய்ச் சொல்லா என்று கோபிக்கிற அன்பர்களும் உண்டு. நான் கோபிப்பதில்லை. சான்று கேட்கிற பழக்கம் முதலில் வரட்டும், சொல் பின்னாலே வரும்.

கதை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிழைக்க வழி தேடி மதுரைக்கு வந்த கோவலன் மனைவியின் காற்சிலம்பு ஒன்றை விற்கப் போகிறான். வழியில் அரண்மனைப் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். அரசியின் சிலம்பை முன்பே திருடி வைத்திருப்பவன் அவன். பழியைத் தள்ள ஆள் கிடைத்தது என்று அரசனிடம் ஓடுகிறான். அரசன் பாண்டியன், ஊடல் கொண்ட அரசியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான். நடந்துகொண்டே கட்டளை போட்டுவிடுகிறான்: சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்றுவிட்டு அதைக் கொண்டு வாருங்கள்.

ஒரு குழு பொற்கொல்லன் என்றது. ஒரு குழு பாண்டியன் என்றது. மூன்றாவது குழு ஊழ்வினை என்றது; உரைநூலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. நான்காவது குழுவில் ஒரு பெண், "கோவலன்தான் சார். அந்த நேரத்துல வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசலையே" என்றாள். உடனே "புக்தி மானா?" எழுந்தது. தேடினோம். காவலர் வந்து சூழ்ந்தபிறகு கோவலன் வாயிலிருந்து இளங்கோவடிகள் ஒரு சொல்லும் தரவில்லை என்பது உண்மைதான். நான் பல தரம் படித்த பகுதி. அந்தப் பெண் சொன்னபிறகுதான் அந்த மௌனம் எனக்கும் உறைத்தது.

அன்று மகளை அழைத்துப்போக வந்து வாசலில் காத்திருந்த ஒரு தாய், செருப்பைக் கழற்றாமலே எட்டிப்பார்த்துக் கேட்டார். "அவன் பேசலைன்னு சொல்றீங்களே, அவனை யாராச்சும் கேட்டாங்களா?"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா நின்ற நிலையிலேயே சொன்னார். அவர் சிறுபிள்ளையாய் இருந்தபோது அவருடைய அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். ஒரு நாள் ஒட்டுப்பால் மூட்டை ஒன்று காணாமல் போயிற்று. கடைசியாக ஸ்டோர் பக்கம் போனவர் அவர்தான் என்று யாரோ சொல்ல, மறுநாள் காலைப் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிடவில்லை. பொழுது சாய்வதற்குள் லயத்து வீட்டைக் காலி செய் என்றார்கள். "அப்புறம் மூட்டை ஸ்டோர் பின்னாலேயே கிடந்துச்சாம். எங்கப்பாவை அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. கேட்கவே இல்லையே."

வகுப்பு அடங்கிப்போயிற்று. நானும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன் தாளைப் புரட்டிக்கொண்டே, "ஆன்ட்டி, இங்க கேட்டிருக்காங்க. அரசன் கேட்கல. காவலர்ங்க கேட்டிருக்காங்க" என்றான்.

அவன் சொன்னது மெய்தான். கொல்ல வந்த காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் கொலைக்கு உரியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டு, மந்திரம், தெய்வம், மருந்து என்று கள்வருக்குத் துணையாகும் எட்டை அடுக்கி அவர்களை மிரட்டுகிறான். அப்போதும் உடனே வாள் ஓங்கவில்லை. இளைஞன் ஒருவன், முன்பு ஒரு மழைக்கால இருட்டில் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த திருடனின் கதையைச் சொல்லி, இப்போது செய்யத்தக்கது எது, சொல்லுங்கள் என்று கூட்டாளிகளைக் கேட்கிறான். கவனியுங்கள், அங்கே ஒரு கலந்துரையாடல் நடக்கிறது! அது முடியவில்லை. குடிபோதையில் இருந்த கல்லாதவன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். பேச்சு நடுவிலே அறுந்தது, கோவலன் விழுந்தான்.

இதை நான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தால் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். அந்தத் தாய் கேட்ட கேள்விக்குப் பதில் தேடி அவர்களே கண்டெடுத்ததனால் அது அவர்களுடையதாகிவிட்டது. மறுவாரம் ஒரு மாணவன், தொழிற்சங்கத்தில் இருந்த தன் பெரியப்பாவிடம் கேட்டுக்கொண்டு வந்தான். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில், தவறு செய்தான் என்று ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்குவதானால் முறையாக விசாரித்த பிறகே நீக்கலாம் என்று இருக்கிறதாம். "சார், பாண்டியனுக்கு செக்‌ஷன் 14 தெரியாது" என்றான். சிரித்தோம். ஆனால் அந்தத் தாய் சிரிக்கவில்லை. "எங்கப்பாவுக்கும் தெரியாதுப்பா" என்றார். அந்த வாரம் அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

தீர்ப்பு என்ன சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். நான் தீர்ப்புச் சொல்வதில்லை. இந்த இடத்தில்தான் நம் வகுப்பு பட்டிமன்றத்திலிருந்து வேறுபடுகிறது. பட்டிமன்றத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1939-இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் விழாவைத் தொடங்கினார். அதுபோன்ற மேடைகளும், குன்றக்குடி அடிகளார் போன்றவர்களின் நடுவர் பணியும், காப்பியங்களைப் பாமர மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆனால் பட்டிமன்றத்தில் ஆறு பேர் பேச அறுநூறு பேர் கேட்கிறோம். இப்போதெல்லாம் சிரிப்பு வெடிகள் கூடிவிட்டன, செய்யுள் குறைந்துவிட்டது. வகுப்பறைக்கு ஏற்ற மாதிரி எது என்றால், திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டியைச் சொல்வேன். மேடை இல்லை, மாலை இல்லை. நண்பர்கள் சுற்றி உட்கார்ந்து ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சுவைப்பார்கள். டி.கே.சி. சட்டம் படித்தவர், தமிழ்ப் புலவர் பட்டம் பெற்றவர் அல்லர். 1954-இல் அவர் மறைந்தார். அந்த முற்றத்தின் பேர் இன்னும் நிற்கிறது.

இது தேர்வுக்கு உதவுமா என்பது அடுத்த கேள்வி. ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். 2021-இலும், படிவம் மூன்றின் பி.டி.3 2022-இலும் எடுக்கப்பட்டுவிட்டன. எஸ்.பி.எம். இருக்கிறது. அதில் கருத்தைச் சொல், காரணத்தைக் காட்டு என்று கேட்டால், வாரந்தோறும் "புக்தி மானா?" கேட்டு வளர்ந்த பிள்ளை திணறாது. மனப்பாடப் பகுதிக்கும் இலக்கணத்துக்கும் குழுப் பேச்சு போதாது. அதை அவரவர் விளக்கடியில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டப்படி, தேசிய இடைநிலைப்பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கேட்டால் என்பதைக் கவனியுங்கள். கேட்காவிட்டால் இல்லை. 2009-ஆம் ஆண்டு, எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களுக்கு மேல் கூடாது என்ற அறிவிப்பு வந்தபோது நம் மக்கள் கேட்டார்கள். அதனால் மேலும் இரண்டு பாடங்களுக்கு இடம் கிடைத்தது, தமிழும் தமிழ் இலக்கியமும் தப்பின. இந்த வட்டாரத்துத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஒரே லயத்தில் இருந்த பிள்ளைகள் இன்று ஐந்தாறு இடைநிலைப்பள்ளிகளில் சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு பள்ளியில் 15 பெயர் சேர்வதே இப்போது பாடாக இருக்கிறது. ஆகவே ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் இன்று வீட்டுக்குப் போகுமுன் வாசல் மேசையில் இருக்கும் தாளில் பிள்ளையின் பெயரையும் சேரப்போகும் பள்ளியின் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். ஒரே பள்ளிக்குப் போகிறவர்களை ஒன்றுசேர்த்து விண்ணப்பம் எழுதித் தருவது என் பொறுப்பு.

எங்கள் வகுப்பு இப்போது வழக்குரை காதைக்கு வந்திருக்கிறது. தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று கண்ணகி சொல்ல, அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று பாண்டியன் சொல்ல, சிலம்பு உடைகிறது. மாணிக்கம் தெறித்ததும் அரசன் தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிர் விடுகிறான். சான்றைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டவன் கதையிலே அவன் ஒருவன்தான், ஆகவே அவனைக் கெட்டவன் என்று சொல்லக் கூடாது என்கிறாள் ஒரு மாணவி. ஆள் செத்த பிறகு ஒத்துக்கொண்டு என்ன பயன் என்கிறான் இன்னொருவன். அடுத்த சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இது தொடர்கிறது. பெற்றோரும் வரலாம், உள்ளே வந்தே உட்காரலாம். நாற்காலி போதவில்லை என்றால் ஐந்தாம் ஆண்டு வகுப்பிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். தலைமையாசிரியர் அனுமதி கொடுத்திருக்கிறார்.