நரம்பறுந்த தசையும் ஓய்ந்த தசையும்

 

இந்த அரங்கில் பாதிப் பேருக்கு என் வழக்கு தெரியும். மீதிப் பாதிப் பேர் எதிர்வாதிகள். எலியின் கால் நரம்பை அறுத்துவிட்டு, ‘இயக்கமின்மையால் மைட்டோகாண்ட்ரியாவுக்கு நேர்வது’ என்று தலைப்பிடுகிறோம். நரம்பு அறுபடுவதும் தசை ஓய்வதும் வெவ்வேறு என்பது என் கட்சி. இரண்டிலும் மைட்டோகாண்ட்ரியா குறைகிறது, அதை உருவாக்கத் தூண்டும் பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதமும் சரிகிறது, ஆகவே இரண்டும் ஒன்றே என்பது நண்பர்களின் வாதம். காய்ச்சல் விட்டாலும் வியர்க்கும், வெயிலில் நின்றாலும் வியர்க்கும்.

உதரவிதானத்தைப் பாருங்கள். இயல்பாக, உயிருள்ளவரை முழு ஓய்வே அறியாத தசை அது. இடம், வலம் இரண்டு பாதிக்கும் தனித்தனி பிரெனிக் நரம்பு. எலியில் ஒரு பக்க நரம்பை மட்டும் அறுத்து, 1953இல் சோலாவும் மார்ட்டினும் எழுதிய கட்டுரையை நம் மாணவர்கள் படிப்பதே இல்லை. கால் தசையாக இருந்தால் உடனே மெலியத் தொடங்கும். இந்தப் பாதியோ முதலில் பருத்தது, பிறகுதான் மெலிந்தது. மறுபாதி ஒவ்வொரு மூச்சிலும் சுருங்கி இதை இழுத்துக்கொண்டே இருக்கிறது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். நரம்பு போயிற்று, இழுவை போகவில்லை.

இதற்கு நேர் எதிர், முழுக்க வென்டிலேட்டர் மூச்சிலேயே கிடப்பவரின் உதரவிதானம். நரம்பு முழுசாக இருக்கிறது, கட்டளைதான் வருவதில்லை. காற்றைக் கருவியே உள்ளே தள்ளுவதால் தசை இழுபடுவதும் இல்லை, தானாகத் தளர்ந்து குறுகுகிறது. மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்த 14 பேரை லெவின் குழுவினர் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். 18 முதல் 69 மணி நேர வென்டிலேட்டருக்குள் மெது இழைகளின் குறுக்குவெட்டுப் பரப்பு 57 சதவீதமும் விரைவு இழைகளின் பரப்பு 53 சதவீதமும் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவு. ஆக்சிஜனேற்ற எதிர்ப்பியான குளூட்டாதயோன் 23 சதவீதம் சரிந்திருந்தது. ‘மூளைச்சாவே காரணமாக இருக்கலாமே’ என்பார் நண்பர் ஒருவர். ஒவ்வொரு கருத்தரங்கிலும் அவர் கேட்கும் கேள்விதான். பவர்ஸ் ஆய்வகத்தில் வென்டிலேட்டரில் வைத்த எலிகளுக்கு மூளைச்சாவு இல்லை, மயக்க மருந்து மட்டுமே. 12 மணி நேரத்தில் அவற்றின் உதரவிதானமும் தளர்ந்தது. மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிச் செல்லும் எஸ்எஸ்-31 என்ற பெப்டைடு கொடுத்தபோது அந்தத் தளர்ச்சி தடுக்கப்பட்டது. எண்ணிக்கை குறையும்வரை காத்திராமல் சில மணி நேரத்திலேயே மைட்டோகாண்ட்ரியாவின் நடத்தை கெடுகிறது. ஒரே தசை: நரம்பு அறுந்தபோது நாட்கணக்கில் பருத்தது, நரம்பு இருந்தும் ஓய்ந்தபோது மணிக்கணக்கில் மெலிந்தது. இவற்றை ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளாக அச்சிடுகிறவர்களுக்கு நான் வேறென்ன சொல்ல?

எதிர்க்கட்சியின் சிறந்த ஆயுதத்தையும் சொல்லிவிட வேண்டும். 1972இல் லோமோவும் ரோசென்தாலும் நரம்பறுந்த தசையை மின்தூண்டலால் இயக்கி, அசிட்டைல்கோலின் உணர்திறன் தசை முழுதும் பரவாமல் தடுத்துக் காட்டினார்கள். நரம்பு இல்லாமலே இயக்கம் போதும் என்று அது காட்டுவதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தசை இழையின் சவ்வைப் பற்றிய விடை. மைட்டோகாண்ட்ரியா பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. தவிர, நரம்பறுந்த இழைகள் சில நாட்களில் தாமாகவே துடிக்கத் தொடங்குகின்றன. அதை ஓய்வு என்று எப்படிச் சொல்வது?

மைட்டோகாண்ட்ரியா வெளிவிடும் பெராக்சைடு பற்றியும் சுருக்கமாக. நரம்பறுந்த தசையின் மைட்டோகாண்ட்ரியா வெளிவிடுவதில் பெருமளவு கொழுப்பமிலப் பெராக்சைடு, அதற்குப் பாஸ்போலைபேஸ் ஏ2 நொதி காரணம் என 2009இல் தெரிந்தது. ஓய்ந்த தசையிலும் அதே ஊற்றா என்று பார்க்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவை: ஒரே விலங்கில் ஒரு கால் நரம்பறுத்தும் மறுகால் கட்டுப்போட்டும் நாள்வாரியாக அளப்பது, கெண்டைக்காலின் சோலியஸ், பிளான்டாரிஸ் தசைகளை ஒன்றாகக் கலக்காமல் பார்ப்பது, பைக் விபத்தில் தோள் நரம்புப் பின்னல் அறுந்து அறுவைக்கு வருபவர்களிடம் ஒப்புதலோடு துளித் தசை பெறுவது. இழுவையைத் தனியே அளக்கும் வழியை இயற்பியல் துறையினரிடம் கேட்கலாம்.