வயிறும் உள்ளமும்

(திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்துரு)



பிறர் வாழப் பொறாதவனை வயிற்றெரிச்சற்காரன் என்கின்றான் தமிழன். அச்சம் வந்தால் வயிற்றைக் கலக்குகின்றது என்கின்றான். மகனை இழந்த தாய் நெஞ்சில் மட்டுமா அடித்துக்கொள்கின்றாள்? வயிற்றிலும் அடித்துக்கொள்கின்றாள். மகன் சிறந்தால் அதே வயிறு குளிர்கின்றது. இவற்றை வெறும் அணியுரை என ஒதுக்குவார் உளர். உள்ளமும் குடலும் ஒன்றையொன்று பற்றி நிற்றலைப் பட்டறிந்த மக்கள் ஆக்கிய சொற்கள் இவை. திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் 'மருந்து' எனப் பெயர்கொண்டும் பெரும்பாலும் உணவையே பேசுதல் எண்ணற்பாலது.

மேலை மருத்துவம் இதனை நேரிற் காண ஒரு நேர்ச்சி வேண்டியிருந்தது. 1822-இல் வட அமெரிக்காவின் மாக்கினாக்குத் தீவில் அலெக்சி செயின் மார்த்தின் என்னும் இளைஞனைத் துமுக்கி சுட்டது. உயிர் பிழைத்தான், இரைப்பையின் துளை மட்டும் மூடவேயில்லை. படைமருத்துவர் வில்லியம் பியூமாண்டு அத்துளை வழியே செரிமானத்தை ஆண்டுக்கணக்கில் நோக்கி, 1833-இல் நூலாக்கினார். அவன் சினந்தபொழுது இரைப்பையின் நிலை மாறியதும் செரிமானம் குலைந்ததும் அதில் உள்ளன. (ஏழையொருவனை ஏவலாளாகவும் ஆய்வுப்பொருளாகவும் வைத்துக்கொண்டமை இற்றை அறத்திற்கு ஒவ்வாதது.)

உள்ளம் குடலைத் தாக்குதல் இது. குடல் உள்ளத்தைத் தாக்குமோ எனின், தாக்கும். மூளையினின்று வயிறு வரை ஓடும் 'வேகசு' நரம்பின் இழைகளுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, செய்தியைக் கீழிருந்து மேலே கொண்டுசெல்வன. மூளை இடும் கட்டளையினும் வயிறு அனுப்பும் முறையீடே மிகுதி! உடலிலுள்ள செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளில் நூற்றுக்குத் தொண்ணூறளவு குடலிலேயே உண்டாகின்றது. ஆயினும் அது நேரே மூளைக்குட் புகுவதில்லை. ஆகலின், 'இதை உண்டால் மகிழ்ச்சி பெருகும்' எனப் பொடி விற்பாரை நம்பற்க.

உணவே தாக்குவதற்குத் தெளிவான சான்று நெதர்லாந்தினின்று வந்தது. உண்டது உடலிற் சேராமல், வயிறு உப்பி, கைகால் சூம்பி, ஓயாது சிணுங்கும் குழந்தைகளை ஏகு நகரத்தில் வில்லெம் திக்கே என்னும் குழந்தை மருத்துவர் நோக்கி வந்தார். கோதுமையின் மேல் அவருக்கு முன்னரே ஐயமிருந்தது. 1944-45 பனிக்காலத்தில், செருமானியர் பிடியிலிருந்த அந்நாட்டைக் கடும்பஞ்சம் வாட்டியது. கோதுமை அப்பம் அரிதாயிற்று. நாடே பட்டினியில் நலிந்தபொழுது இந்நோய்க் குழந்தைகள் தேறினர்! அப்பம் திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950-இல் அவர் தம் ஆய்வேட்டில் இதனை நிறுவினார். கோதுமையிலும் வாற்கோதுமையிலும் உள்ள பசையம் என்னும் புரதமே அக்குழந்தைகளின் சிறுகுடற் சுவரைச் சிதைப்பது.

இந்நோயுற்ற குழந்தை அழும், முரண்டுபிடிக்கும், விளையாட மறுக்கும். பசையத்தை நீக்கினால், எடை கூடுமுன்னரே முகம் தெளிதலை மருத்துவர் கண்டுள்ளனர். தமிழ்நாட்டில் அத்தகைய பிள்ளைக்குக் கிடைப்பதென்ன? 'அடங்காப்பிள்ளை' என்னும் பெயர், முதுகில் அடி, கண்ணேறு கழித்தல், ஓதிக் கட்டிய கயிறு. வடபுலத்தினும் தென்புலத்தில் இந்நோய் குறைவே. குறைவாதலாற்றான் எவரும் ஐயுறுவதில்லை.

எல்லாச் சினமும் குடலில் தோன்றுவதன்று. ஆழ்ந்த மனச்சோர்வுக்கு மனநல மருத்துவரே வேண்டும். கோதுமை எல்லார்க்கும் நஞ்சுமன்று. ஐயமுற்றவர் தாமாகக் கோதுமையை நிறுத்திவிடுதலும் தவறு. குருதி ஆய்வுக்கு முன்பே நிறுத்தினால் நோய் வெளிப்படாது மறைந்துவிடும். ஆய்ந்த பின்னரே நிறுத்துதல் வேண்டும்.

நிறுத்தியபின் தமிழர்க்கு உணவுத் தட்டுப்பாடில்லை. அரிசி, கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, சோளம் ஒன்றிலும் பசையம் இல்லை. இடர் மறைந்து வருவதில் இருக்கின்றது. பரோட்டாவும் சேமியாவும் இரவையும் கோதுமை என அறிவார் பலர். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்திற் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருத்தலை அறிவார் எத்துணைப் பேர்? சோற்றையும் சாற்றையும் மட்டும் ஊட்டிவரும் தாய், அச்சாற்றிலேயே நோயை ஊட்டிவிடக்கூடும்.

பொதியில் எழுதியிருக்குமே எனலாம். எம்மொழியில்? 2020-ஆம் ஆண்டின் இந்திய உணவுப்பொதி ஒழுங்குமுறைப்படி, கட்டாயச் செய்திகள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தாற் போதும். பிறமொழி, விற்பவன் விரும்பினாற் சேர்ப்பது. பெயரையும் படத்தையும் தமிழிற் பளபளவென அச்சிட்டு விற்கும் வணிகன், 'கோதுமை கலந்தது' என்னும் ஈரே சொற்களை மட்டும் அத்தாய்க்கு விளங்கா மொழியில் பொடியெழுத்தில் அடிக்கின்றான். சட்டம் அவனைத் தடுக்கவில்லை.

'கோதுமை கலந்தது', 'பால் கலந்தது', 'நிலக்கடலை கலந்தது' என்பவற்றைத் தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு பொதியிலும் முகப்பில் தமிழிற் பொறிக்கக் கட்டாயச் சட்டம் வேண்டும். அது வரும்வரை, தமிழில் அச்சிடாத பொதியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, காரணத்தையும் உரக்கச் சொல்லிவிட்டு வருக.