தருமம் என்று மட்டும் எழுதாதீர்கள்

(மும்பையில் நடந்த சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உயில் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். "பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கிறவனுக்கு உயில் எதற்கு?" என்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். நம் பெரியவர் ஒருவரின் மறைவு அந்த நினைப்பை மாற்றிவிட்டது.

அவர் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மணம் செய்துகொள்ளாதவர். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதெல்லாம் நம் இரவுப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கப் பணம் தருவார். "என் காலத்துக்குப் பிறகு என் பணம் இந்தப் பிள்ளைகளுக்குத்தான்" என்று சொல்லாத நாளில்லை. சொன்னார், எழுதவில்லை. எழுதுங்கள் என்று சொல்ல நமக்கும் வாய் வரவில்லை. அவர் கண்ணை மூடியதும், முப்பது வருடமாக ஒரு கடிதம் போடாத அண்ணன் மக்கள் ஊரிலிருந்து வந்தார்கள். வங்கியில் இருந்த பணம் முழுவதும் அவர்களுக்குப் போயிற்று. சட்டப்படி அது சரி. அவர்கள் மேல் குறையில்லை, குறை நம்முடையது. உயில் இல்லாதபோது சட்டம் உறவைப் பார்க்கும், மனத்தைப் பார்க்காது.

எழுதினால் மட்டும் போதுமா? பச்சையப்ப முதலியாரைப் பாருங்கள். வறுமையில் வளர்ந்து, துபாஷாகப் பொருள் ஈட்டியவர். 1794-ல் கோயில்களுக்கும் அறங்களுக்கும் உயில் எழுதிவிட்டு அதே ஆண்டில் காலமானார். பிறகு வழக்கு மேல் வழக்கு. அந்தப் பணத்திலிருந்து சென்னையில் பள்ளிக்கூடம் திறந்தது 1842-ல். நாற்பத்தெட்டு ஆண்டுகள்! நிறைவேற்ற நம்பிக்கையான ஆளை வைப்பது எத்தனை முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொன்று. "மீதியைத் தருமத்துக்குக் கொடுக்கவும்" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இதே பம்பாயிலிருந்து போன வழக்கில், வெறும் 'தரம்' என்று எழுதிய உயில் கொடை தெளிவற்றது, செல்லாது என்று 1899-ல் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. பார்சல் ஆபீசில் வேலை பார்க்கும் நமக்கு இது புதிதல்ல. விலாசமில்லாத மூட்டை கடைசியில் ஏலத்துக்குத்தான் போகும். எந்த அறக்கட்டளை, அதன் முழுப் பெயர், பதிவு எண், எந்தக் காரியத்துக்கு என்று எழுதுங்கள். அந்த அமைப்பு இல்லாமல் போனால் அடுத்து யாருக்கு என்பதையும் எழுதுங்கள்.

எழுதும் முறை எளிது. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். அதைக் கண்ணால் பார்த்த இருவர் உங்கள் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கொடை பெறுகிறவர் சாட்சியாக இல்லாதிருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, செய்தால் பாதுகாப்பு. உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே நிற்கும். "பாஸ்புக்கில் நாமினி இருக்கிறாரே" என்று இருந்துவிடாதீர்கள். வங்கி நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கிறவரே தவிர, உரியவர் அல்ல.

நமக்குச் சொந்தமானதைத்தான் எழுத முடியும். ஊர்ச் சொத்தில் நம் பங்கு மட்டும். பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கும்போது, 2005 திருத்தத்துக்குப் பிறகு பெண்மக்களுக்கும் பிறப்பிலேயே சம உரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம். பகடி கொடுத்துப் பிடித்த வாடகை அறையை உயிலில் கொடுக்க முடியாது என்று பம்பாய் வாடகைச் சட்டத்தின் கீழ் 1994-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. குடும்ப பென்ஷனும் விதிப்படி மனைவிக்குப் போகுமே தவிர, உயிலுக்குக் கட்டுப்படாது. இஸ்லாமியத் தோழர்கள் கடனும் அடக்கச் செலவும் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதினால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவத் தோழர்கள் தருமத்துக்கு எழுத இருந்த பழைய தடையை 2003-ல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

தோழர்களே, நாங்கள் கையேந்தி வரவில்லை. முதலில் கட்டிய மனைவி, பெற்ற பிள்ளைகள், ஊரில் காத்திருக்கும் தாய். அவர்கள் பசிக்க ஒருவர் தருமம் செய்தால் அது தருமமல்ல. அவர்களுக்குப் போக இருபதில் ஒரு பங்கு போதும். ரூபாய் கணக்கில் எழுதாமல் பங்காக எழுதுங்கள். விலைவாசி ஏறினாலும் கணக்குக் கெடாது. வீட்டாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு அது சண்டையாகாது.

சங்கத்துக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். நிர்வாகிகள் எவரும் உறுப்பினரின் உயிலை எழுதவோ சாட்சி போடவோ கூடாது. படுக்கையில் கிடப்பவரிடம் போய் இதைப் பேசவே கூடாது. வரும் பணத்துக்குத் தனிக் கணக்கு, ஆண்டுக்கொரு முறை இதே மேடையில் வாசிப்பு. இதை இன்றே தீர்மானமாக நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஊரைவிட்டு வந்த நமக்கு இங்கே நிலமில்லை. ஆனால் வியர்வை சிந்திச் சேர்த்த நாலு காசு இருக்கிறது. அது போக வேண்டிய இடத்தை நாமே எழுதுவோம். அந்தப் பெரியவர் வாங்கித் தந்த நோட்டில் படித்த பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஜூனில் அவர்களுடைய தம்பி தங்கைகளுக்கு நோட்டு வாங்க நாம் உண்டியல் குலுக்கினோம். அதை மறக்காமல் வீட்டுக்குப் போய் ஒரு தாளை எடுங்கள்.