பழம்பாட்டும் பழங்கருவியும்



சங்கப் பாடல்கள் இன்று கண்ணால் படிக்கப்படுகின்றன. அவை எழுந்த காலத்தில் பாட்டும் யாழும் உடன்பிறந்தவை. அப்பாடல்களை அக்காலக் கருவியோடு மீண்டும் இசைக்க இயலுமா? இயலுமாயின், கேட்கும் ஒலியை எந்த அளவுக்கு நம்பலாம்? இவ்வினாக்கள் இசைவாணர்க்கு மட்டும் உரியவை அல்ல. பாட்டெழுதும் ஒவ்வொருவர்க்கும் உரியவை.

சிறுசேரியை உள்ளடக்கிய தொண்டைநாட்டுக்கு இதில் தனி உரிமை உண்டு. பத்துப்பாட்டில் சீறியாழ்ப் பாணனைச் சிறுபாணாற்றுப்படையும், பேரியாழ்ப் பாணனைப் பெரும்பாணாற்றுப்படையும் வழிப்படுத்துகின்றன. முன்னது ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழி. அதில் வரும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்பர். பின்னது காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழி. அதில் வரும் நீர்ப்பெயற்றுத் துறையை மாமல்லபுரம் எனக் கருதும் அறிஞர் உளர். யாழோசை நடந்த வழி இந்தக் கடற்கரை வழியே.

யாழின் உறுப்புகளைப் பழந்தமிழ் நூல்கள் விளக்கமாகவே கூறுகின்றன. பத்தர், அதன் மேற்போர்த்த தோல், வளைந்த கோடு, நரம்பை இறுக்கும் திவவு எனப் பெயரும் உவமையும் கிடைக்கின்றன. இவற்றைக் கொண்டு தச்சன் ஒரு கருவியைச் செய்துவிடலாம். அதில் எந்தப் பாட்டை எந்த மெட்டில் இசைப்பது என்பதே இடர்ப்பாடு. பரிபாடல் ஒன்றுதான் ஓரளவு கைகொடுக்கிறது. எழுபது பாடல்களுள் முழுமையாகக் கிடைத்தவை 22. அவற்றுட் பலவற்றுக்குப் பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும், பாலையாழ், நோதிறம், காந்தாரம் எனப் பண்ணின் பெயரும் உள்ளன. பண் தெரிகிறது, ஆயினும் எந்தச் சொல்லில் குரல் ஏறியது, எங்கே இறங்கியது என்பது தெரியவில்லை.

ஐரோப்பியருக்கும் இவ்விடர் உண்டு. 1230ஐ ஒட்டி எழுதப்பட்ட 'கார்மினா புரானா' என்னும் ஏடு, 1803இல் பவேரிய மடமொன்றில் கண்டெடுக்கப்பட்டது. காதல், கள், சூது, பருவம் ஆகியவற்றைப் பாடும் இலத்தீன் பாடல்கள் அதில் மிகுதி. சிலவற்றின் மேல் இசைக்குறிகள் உண்டு. ஆனால் கோடுகள் இல்லை. குரல் ஏறுவதையும் இறங்குவதையும் அவை உணர்த்தும். எவ்வளவு என்பதைச் சொல்லா. நமக்குப் பண் உண்டு, ஏற்ற இறக்கம் இல்லை. அவர்களுக்கு ஏற்ற இறக்கம் உண்டு, சுர அளவு இல்லை.

அவர்கள் இருவழி சென்றனர். காரல் ஓர்ஃப் 1935-36இல் அச்சொற்களுக்கு முற்றிலும் புதிய இசையமைத்தார். அதைப் பழமை என்று கூறவில்லை. தாமஸ் பின்க்லி குழுவினர் 1964இலும் 1967இலும் பழங்கருவிகளைக் கொண்டு அப்பாடல்களை இசைத்தட்டாக்கினர். எஞ்சிய இடைவெளிகளை அரபு இசைமரபின் துணையால் நிரப்பினர். இசை இனிமையாகவே இருந்தது. எனினும் கேட்பவர் நிரப்பியதையும் ஏட்டில் உள்ளது என்றே கொள்ளக்கூடும். இனிமை சான்றாகிவிடாது என்பது அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

தமிழில் இப்பணிக்கு முதல்வர்கள் இருவர். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். விபுலானந்த அடிகளின் யாழ்நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடிகளின் கணக்குப்படி செய்யப்பட்ட யாழ்கள் அவ்வரங்கேற்றத்தில் இசைக்கப்பட்டன. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் இருவர்க்கும் பொதுவான சான்றுகள். எனினும் பண்டிதர் ஒரு தானத்தில் 24 சுருதி கண்டார். அடிகள் 22 கண்டார். ஒரே சான்று இருவேறு யாழொலிகளைத் தருகிறது. இவர்களின் பெருமை முடிவில் மட்டும் இல்லை. கணக்கை ஒளிக்காமல் அச்சிட்டு, மறுக்க விரும்புவோர்க்கு வழிவிட்டதிலும் இருக்கிறது.

அண்மைக் காலத்தில் சென்னையின் கருவி வினைஞர் தருண் சேகர் யாழைப் புதிதாக வடித்து இசைக்கச் செய்துள்ளார். இது வரவேற்கத்தக்கது. வளைந்த கோட்டு யாழின் உறவுக்கருவி பர்மாவில் இன்றும் வாழ்கிறது. நடு இந்தியாவின் பர்தான் பாணரிடமும் அதன் இனமொன்று உண்டு. விரல் நரம்பைத் தொடும் முறைக்கு அவை வாழும் சான்றுகள்.

எனினும் தொடங்க வேண்டிய இடம் அரசவைப் பேரியாழ் அன்று. பெரும்பாணாற்றுப்படையில் முல்லை நிலத்து இடையன் ஒருவன் வருகிறான். தீக்கடைகோலால் துளையிட்ட மூங்கிற் குழலை ஊதிச் சலித்தபின், உட்டுளையுடைய குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, விரலால் தெறித்துக் குறிஞ்சிப்பண் இசைக்கிறான். அதை வண்டுகள் தம் இனத்தின் ஒலியென்று கருதிச் செவிசாய்க்கின்றன. மரம், நரம்பு, விரல், பண் எல்லாம் ஒருங்கே இவ்விடத்தில் கிடைக்கின்றன. வண்டின் மயக்கம் வெறும் அணியும் அன்று. நார்நரம்பின் முரலும் ஓசைக்குப் புலவர் தரும் சாட்சி அது. குமிழும் மரலும் தமிழ்மண்ணில் அழியவில்லை. ஒரு பகற்பொழுதில் அந்த வில்யாழைக் கட்டி, உரைத்தது மெய்தானா என்று செவியாலேயே சோதிக்கலாம்.

அந்த இடையன் என்ன பாடினான் என்பதை உருத்திரங்கண்ணனார் கூறவில்லை. அந்த மௌனத்தின் முன் கவிஞர் நேர்மையோடு நிற்க வேண்டும். மேடையேறும்போது 'கருவிக்குச் சான்று உண்டு, பண்ணின் பெயருக்குச் சான்று உண்டு, மெட்டு இன்று அமைத்தது' என்று முதலில் அறிவித்துவிட்டால் இசையின் சுவை குறையாது. அறிவிக்காமல் விட்டால், இன்றைய ஊகம் அடுத்த தலைமுறைக்கு வரலாறாகிவிடும். பின்னர் மெய்ச்சான்று கிடைத்தாலும் அது பொய்யாகத் தோன்றும்.

மெட்டு மறைந்தும் மறையாதது ஒன்று உண்டு. அகவலின் நடை சீரிலும் தளையிலும் எதுகையிலும் எழுத்தாகவே காக்கப்பட்டிருக்கிறது. யாழ் செய்வோர் எவரும் முதலில் செவிசாய்க்க வேண்டியது அதற்கே. அதனை வாய்விட்டுப் படித்துக் காக்கும் கடமை கவிஞர்க்கு உரியது.