காலை ஏழு மணி மேசை: 'டுடே' நிகழ்ச்சியின் வரலாறு



இந்த உரையின் தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1952 முதல் இன்றுவரை ஒளிபரப்பாகிவரும் 'டுடே' என்ற காலைச் செய்தி நிகழ்ச்சியைப் பற்றிப் பேசப் போகிறேன். அதன் கதையை நட்சத்திரங்களின் வருகையும் விலகலுமாகச் சொல்வது வழக்கம். நான் அதை வேறு கோணத்தில் படித்துவந்திருக்கிறேன். அந்த மேசையில் யாருக்கு இடம் உண்டு, இடம் கிடைத்தவர்களில் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு என்பதில்தான் அந்த நிகழ்ச்சியின் வரலாறு அடங்கியிருக்கிறது.

சில்வெஸ்டர் வீவர் என்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். 'பாட்' வீவர் என்றால்தான் அங்கே தெரியும். விளம்பரத் துறையில் அனுபவம் பெற்று, என்.பி.சி.யில் துணைத் தலைவராகச் சேர்ந்தவர். அந்நாளில் அமெரிக்க ஒளிபரப்பில் பெரும்பாலான நிகழ்ச்சிகளை ஏதாவது ஒரு விளம்பரதாரர்தான் முழுச் செலவையும் ஏற்று நடத்துவார். செலவு அவருடையது என்பதால் நிகழ்ச்சியில் எது வரலாம், எது கூடாது என்ற முடிவும் அவருடையதாகிவிடும். வீவர் இதை மாற்ற நினைத்தார். பத்திரிகை அலுவலகம் பக்கங்களைத் தானே தயாரித்து, நடுவே உள்ள இடத்தைப் பல விளம்பரதாரர்களுக்கு விற்கிறது அல்லவா? அதுபோல நிகழ்ச்சி நிலையத்துக்குச் சொந்தமாக இருக்கட்டும், நிமிடங்களை மட்டும் விற்போம் என்றார். செய்தி சார்ந்த ஒரு நிகழ்ச்சிக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அவருடைய இன்னொரு யோசனை நேரத்தைப் பற்றியது. அன்றைக்குக் காலை வேளை வானொலிக்கு உரியது. ஏழு மணிக்குத் தொலைக்காட்சி முன்னால் யார் உட்காருவார்கள் என்று கேட்டவர்களுக்கு, யாரும் உட்கார வேண்டியதில்லை என்பது வீவரின் பதில். முகம் மழித்துக்கொண்டிருப்பவரும், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புகிறவரும் காதால் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பார்த்தே ஆக வேண்டிய காட்சி வரும்போது தலையை நிமிர்த்துவார்கள். இதற்காகத்தான் தலைப்புச் செய்திகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இருபது நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறவருக்கும் அன்றைய உலகம் பிடிபட வேண்டும் என்ற கணக்கு அது. இன்றைக்கும் உலகெங்கும் காலை நிகழ்ச்சிகள் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன.

1952 ஜனவரி 14. நியூயார்க் 49ஆம் தெருவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் காட்சிக்கூடத்தையே ஸ்டூடியோவாக்கியிருந்தார்கள். தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சுவர். வேலைக்குப் போகிறவர்கள் நின்று உள்ளே எட்டிப் பார்க்கலாம். உள்ளே பல நகரங்களின் நேரத்தைக் காட்டும் கடிகாரங்கள், டெலிபிரிண்டர்கள், தொலைபேசிகள். நடுவில் டேவ் கேரவே. பெரிய கண்ணாடி, போ டை, தணிந்த குரல். முடிக்கும்போது உள்ளங்கையை உயர்த்தி 'பீஸ்' என்பார். பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது போன்ற அந்த நிதானம்தான் காலை நேரத்துக்கு ஏற்றது என்று வீவர் கண்டுகொண்டது பெரிய விஷயம். ஆனால் விமர்சகர்கள் கடுமையாகத்தான் எழுதினார்கள். விளம்பரதாரர்களும் எளிதில் வரவில்லை.

நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்தியது ஜே. ஃப்ரெட் மக்ஸ் என்ற சிம்பன்சிக் குட்டி. 1953இல் அது கேரவேயின் பக்கத்தில் உட்காரத் தொடங்கியதும் குழந்தைகள் தொலைக்காட்சியைப் போடச் சொல்லி அடம்பிடித்தார்கள்; பெற்றோரும் சேர்ந்து பார்த்தார்கள்; விளம்பரம் வந்தது. அதே ஆண்டு ஜூன் 2ஆம் தேதி எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழா ஒளிபரப்புக்கு நடுவே இந்தச் சிம்பன்சியைக் காட்டியது பிரிட்டனில் பெரும் கொதிப்பைக் கிளப்பியது. வணிகத் தொலைக்காட்சியை அனுமதிக்கலாமா என்று அங்கே வாதம் நடந்துகொண்டிருந்த காலம். விளம்பரக் காசில் தொலைக்காட்சி நடந்தால் இப்படித்தான் ஆகும் என்று எதிர்த்தரப்பு இதைச் சுட்டிக்காட்டியது. அந்த வாதத்தில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். செய்தியையும் வேடிக்கையையும் ஒரே மேசையில் வைப்பதன் விலை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே தெரிந்துவிட்டது.

சிம்பன்சிக்கு இடம் கிடைத்த அந்த மேசையில் பெண்களுக்கு என்ன வேலை இருந்தது? வானிலை, ஃபேஷன், இலேசான உரையாடல். அந்த இடத்துக்கு 'டுடே கேர்ள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பின்னாளில் ஆஸ்கர் விருது பெற்ற எஸ்டெல் பார்சன்ஸ் தொடக்க காலத்தில் அங்கே பணியாற்றியவர். அடுத்தடுத்து நடிகைகளும் பாடகிகளும் வந்துபோனார்கள். 1961இல் எழுத்தாளராக உள்ளே வந்தார் பார்பரா வால்டர்ஸ். மற்றவர்கள் திரையில் பேசுவதற்கு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. 1964இல் நடிகை மௌரீன் ஓ'சல்லிவன் விலகிய பிறகுதான் நிரந்தரமாகத் திரைக்கு வந்தார். 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் சீனா சென்றபோது உடன் சென்ற செய்தியாளர் கூட்டத்தில் இருந்த மிகச்சில பெண்களில் அவர் ஒருவர்.

அப்படிப்பட்டவருக்கு ஸ்டூடியோவில் என்ன மரியாதை கிடைத்தது என்று பாருங்கள். 1971இல் தொகுப்பாளராக வந்த ஃபிராங்க் மெக்கீ ஒரு நிபந்தனை போட்டார். முக்கியமான அரசியல் பேட்டிகளில் முதல் மூன்று கேள்விகளை அவர்தான் கேட்பார். நான்காவதிலிருந்துதான் வால்டர்ஸ் வாய் திறக்கலாம். நிறுவனம் இதை ஏற்றுக்கொண்டது. பேட்டி எடுத்துப் பழகியவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். ஒரு பேட்டி எந்தத் திசையில் போகும் என்பதை முதல் மூன்று கேள்விகள் தீர்மானித்துவிடும். நான்காவது கேள்வி வரும்போது நேரமும் முடியும் தறுவாயில் இருக்கும்.

வால்டர்ஸ் சண்டை போட்டு நேரத்தை வீணாக்கவில்லை. நிபந்தனை ஸ்டூடியோவுக்குள் மட்டும்தானே? வெளியே போய், அமைச்சர்களையும் தலைவர்களையும் அவர்களிடத்திலேயே சந்தித்துப் பேட்டி எடுத்து வந்தார். அங்கே எல்லாக் கேள்விகளும் அவருடையவை. அவரைப் புகழ்பெற வைத்தவை அந்தப் பேட்டிகள். அவருடைய ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது: மெக்கீ நிகழ்ச்சியை விட்டு விலகினால் வால்டர்ஸ் இணைத் தொகுப்பாளர் ஆவார். மெக்கீ போவார் என்று யாரும் எதிர்பார்க்காததால் அந்த வரியை அனுமதித்திருக்கிறார்கள். 1974 ஏப்ரலில் மெக்கீ நோயால் இறந்தார். ஒப்பந்தம் செல்லுபடியானது. 'டுடே'யின் முதல் பெண் இணைத் தொகுப்பாளர் அப்படித்தான் உருவானார். இதழியல் மாணவிகள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய திறமையை யாரும் உணர்ந்து அழைத்துப் பதவி தரவில்லை. எழுத்தில் வாங்கி வைத்ததால் தர வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஊதியத்தில் போட்டித் தொலைக்காட்சியான ஏ.பி.சி.க்குப் போய்விட்டார்.

பிறகு 25 வயது ஜேன் பாலி வந்தார். 1982இல் பிரையன்ட் கம்பெல் வந்து, அந்த மேசையின் முதல் கறுப்பினத் தொகுப்பாளரானார். 1989 இறுதியில் பாலியின் இடத்துக்கு டெபோரா நோர்வில் கொண்டுவரப்பட்டார். பாலியை ஒதுக்கிவிட்டார்கள் என்று நேயர்கள் கோபப்பட்டார்கள். பார்ப்பவர் எண்ணிக்கை சரிந்தது.

1991இல் வந்த கேட்டி கூரிக்கைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அவருடைய கணவர் 1998இல் பெருங்குடல் புற்றுநோயால் 42 வயதில் இறந்தார். 2000 மார்ச்சில் கூரிக் தமக்கே கொலோனாஸ்கோபி பரிசோதனை செய்துகொண்டு அதை நிகழ்ச்சியில் காட்டினார். அதன்பின் அமெரிக்காவில் அந்தப் பரிசோதனை ஏறத்தாழ 20 சதவீதம் கூடியதாக மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மருத்துவர்கள் அதைக் 'கூரிக் விளைவு' என்கிறார்கள். நாள்தோறும் சமையலறையில் கேட்டுப் பழகிய குரல் சொன்னதால்தான் மக்கள் பயமும் கூச்சமும் விட்டுப் போனார்கள். காலை நிகழ்ச்சி என்ற வடிவம் செய்த ஆகச் சிறந்த காரியம் இதுதான் என்பது என் முடிவு.

1995 இறுதியிலிருந்து 852 வாரம் தொடர்ச்சியாக முதலிடத்தில் இருந்த 'டுடே'யை 2012 ஏப்ரலில் ஏ.பி.சி.யின் 'குட் மார்னிங் அமெரிக்கா' முந்தியது. இரண்டு மாதத்தில் இணைத் தொகுப்பாளர் ஆன் கரி மேசையிலிருந்து எடுக்கப்பட்டார். ஜூன் 28 அன்று கண்ணீரோடு விடைபெற்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு தொகுப்பாளர் மாட் லாயர் நீடித்தார். பாலி விஷயத்தில் நேயர்கள் புகட்டிய பாடத்தை நிறுவனம் மறந்திருந்தது. சரிவும் நிற்கவில்லை.

2017 நவம்பர் 29 காலை ஏழு மணிக்கு, பணியிடத்தில் தகாத பாலியல் நடத்தை பற்றிய புகாரின் பேரில் லாயர் நீக்கப்பட்டதாக இணைத் தொகுப்பாளர் சவன்னா கத்ரி நேரலையில் அறிவித்தார். பக்கத்தில் சக தொகுப்பாளர் ஹோடா கோட்பி. வலுக்கட்டாயம் எதுவும் நடக்கவில்லை என்பது லாயரின் மறுப்பு. 2018 ஜனவரி 2 முதல் கத்ரியும் கோட்பியும் முதன்மைத் தொகுப்பாளர்கள் ஆனார்கள். அந்த மேசையின் இரு முதன்மை இருக்கைகளிலும் பெண்கள் அமர்ந்தது அதுவே முதல் முறை. நிகழ்ச்சிக்கு 66 வயது நிறைய 12 நாள் பாக்கி.

அதே ஆண்டு மே மாதத்தில் விசாரணை அறிக்கை வெளியானது. லாயரின் நடத்தை செய்திப் பிரிவின் தலைமைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது அது. விசாரணையை முன்னின்று நடத்தியவர் அந்த நிறுவனத்தின் சொந்தத் தலைமைச் சட்ட அதிகாரி. வெளியாரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும் என்று அப்போதே பலர் சொன்னார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். முதல் மூன்று கேள்விகளையும் நிறுவனமே கேட்டு, நிறுவனமே பதில் எழுதிக்கொண்ட அறிக்கை அது. நான்காவது கேள்வியைக் கேட்க அங்கே யாரையும் உட்கார வைக்கவில்லை.