விளையாட்டாய் வந்த இங்கிலீஷ்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



நான் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இந்தக் கல்லூரியில் முதல் வருடம் லேபில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. விடை தெரியும், இங்கிலீஷ்தான் வராது. யாராவது சிரித்துவிட்டால்? அந்த பயம் போக நாலு வருடம் ஆயிற்று.

இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். முதல் மாதம் போர்டு நிறைய டென்ஸ் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

மறுவாரம் விடுகதை போட்டேன். "குடிக்கிற இங்கிலீஷ் எழுத்து எது?" கடைசி பெஞ்சிலிருந்து மெல்ல, "டீ, சார்!" "அலையடிக்கிற எழுத்து?" "ஸீ!" "பார்க்கிற எழுத்து?" "ஐ!" வகுப்பே கலகலத்துவிட்டது.

அடுத்தது சொல் ஏணி. ஆலிஸ் கதை எழுதிய கணித ஆசிரியர் லூயிஸ் கரோல் 1879-ல் பத்திரிகையில் வெளியிட்ட விளையாட்டு. ஒரு படிக்கு ஒரே ஒரு எழுத்தைத்தான் மாற்றலாம். வருவது அர்த்தமுள்ள சொல்லாக இருக்க வேண்டும். பூனையை நாயாக்க வேண்டுமா? 'கேட்'டில் நடு எழுத்தை மாற்றினால் கட்டில், 'காட்'. முதல் எழுத்தை மாற்றினால் புள்ளி, 'டாட்'. கடைசி எழுத்தை மாற்றினால் 'டாக்'! தப்பானால் அவமானமில்லை, வேறு எழுத்தைப் போட்டுப் பார்க்கலாம். மெஷினில் கோளாறு தேடும்போது நாமும் ஒவ்வொரு பாகமாகத்தானே மாற்றிப் பார்க்கிறோம்?

ஒருநாள் 'விகடகவி'யைத் திருப்பிப் படிக்கச் சொல்லி, 'மேடம்' என்பதன் ஸ்பெல்லிங்கும் அப்படியே என்று காட்டினேன். அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, "சார், நடுப்பகலுக்குச் சொல்லும் 'நூன்' கூட அப்படித்தானே?" என்றாள். அன்றைக்கு எனக்குச் சம்பள நாள்!

மார்க் மளமளவென்று ஏறிவிடவில்லை. இலக்கணமும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் இப்போது கேள்வி கேட்கிறார்கள்.

நண்பர்களே, சாக்பீஸும் ஒரு மணி நேரமும் போதும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள். தம்பி தங்கைகளே, உங்கள் வகுப்பிலும் விடை தெரிந்தும் பேசாத ஒருவர் இருப்பார். அவர் தப்பும் தவறுமாக வாய் திறக்கும் அன்று, தயவுசெய்து சிரிக்காதீர்கள்.